எதிர்மறைச் சொத்து நிலை: ஹாங்காங் வீட்டு விலைச் சரிவு (1997–2003)

எதிர்மறைச் சொத்து நிலை என்பது, கடன் பெற்று வாங்கிய வீட்டின் சந்தை விலை, அதன் மீது இன்னும் கட்ட வேண்டிய கடன் தொகையை விடக் குறைந்துவிடும் நிலையைக் குறிக்கும். இந்நிலையில் வீட்டை விற்றாலும் கடன் தீராது. விற்ற பணம் போக மீதியை உரிமையாளர் தம் கையிலிருந்து கட்ட வேண்டும். வீட்டு விலை வேகமாக ஏறும் காலத்தில் உச்ச விலைக்கு வாங்கியவர்களே பெரும்பாலும் இந்நிலைக்கு ஆளாகின்றனர்.

1997 முதல் 2003 வரை ஹாங்காங்கில் ஏற்பட்ட வீட்டு விலைச் சரிவு இதற்கு நன்கு பதிவான எடுத்துக்காட்டாகும். அக்காலத்தில் 'எதிர்மறைச் சொத்து' என்று நேர்ப்பொருள் தரும் சீனச் சொல் அங்கு அன்றாடப் பேச்சில் இடம்பெற்றது. நாளடைவில் அது கடனை மட்டுமன்றி, அக்கடனைச் சுமந்த மனிதர்களையும் குறிக்கலாயிற்று.

விலை ஏற்றத்தின் பின்னணி

ஹாங்காங்கில் நிலம் அரசுக்குச் சொந்தமானது. குத்தகை அடிப்படையில் ஏலத்திலும் ஒப்பந்தப்புள்ளி வழியாகவும் அது கட்டுமான நிறுவனங்களுக்கு வழங்கப்படுகிறது. 1984ஆம் ஆண்டின் சீன–பிரித்தானியக் கூட்டறிக்கை, 1997 வரை ஆண்டுக்குப் புதிதாக வழங்கும் நிலத்துக்கு 50 எக்டேர் என்ற வரம்பை விதித்தது. இருதரப்புக் குழு ஒப்புக்கொண்டால் இவ்வரம்பை உயர்த்த இயலும் என்றாலும், நிலம் அரிதானது என்ற எண்ணம் மக்களிடையே வலுவாக வேரூன்றியது.

இரண்டாவது காரணம் வட்டி விகிதம். 1983 அக்டோபர் முதல் ஹாங்காங் டாலரின் மதிப்பு, ஓர் அமெரிக்க டாலருக்கு 7.80 என்ற அளவில் பிணைக்கப்பட்டுள்ளது. இதனால் ஹாங்காங் தன் வட்டி விகிதத்தைத் தானாக முடிவு செய்ய இயலாது. அமெரிக்காவின் போக்கையே பின்பற்ற வேண்டியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க வட்டி குறைவாகவும், ஹாங்காங்கின் பணவீக்கம் அதிகமாகவும் இருந்தன. வங்கியில் போட்ட பணம் விலைவாசி உயர்வில் கரைந்தது. கடன் வாங்கியவருக்கோ அதே பணவீக்கம் சாதகமாக அமைந்தது. இச்சூழலில் சேமிப்பை வீட்டில் போடுவது அறிவுடைய செயலாகத் தோன்றியது.

மூன்றாவது காரணம் எதிர்பார்ப்பு. ஹாங்காங் அரசின் விலைக் குறியீட்டில் 1999ஆம் ஆண்டு 100 எனக் கொள்ளப்படுகிறது. அதன்படி 1996இன் சராசரி 116.9 ஆகவும், 1997இன் சராசரி 163.1 ஆகவும் இருந்தன. ஒரே ஆண்டில் சராசரி விலை ஏறத்தாழ 40 விழுக்காடு உயர்ந்தது. புதிய அடுக்குமாடிகளின் விற்பனை தொடங்கும் இடங்களில் நீண்ட வரிசைகள் உருவாயின. வரிசையில் ஒருவர் பிடித்திருந்த இடமே விலைக்குப் போனது. கட்டி முடிக்காத வீட்டுக்கு முன்பணம் மட்டும் கொடுத்து ஒப்பந்தம் செய்து, பத்திரம் பதிவாகும் முன்பே அதை வேறொருவருக்குக் கைமாற்றி இலாபம் பார்ப்பதும் பரவலாக நடந்தது.

இவ்வாறு வாங்கிய அனைவரும் ஊக வணிகர்கள் அல்லர். திருமணம், குழந்தை, பெற்றோரின் முதுமை போன்ற காரணங்களால் வீடு தேவைப்பட்டவர்களும் அவசரப்பட்டனர். ஓராண்டு பொறுத்தால் தம் சேமிப்பு முன்பணத்துக்குப் போதாமற்போகும் என்று அவர்கள் அஞ்சினர். விலை நாற்பது விழுக்காடு ஏறிய ஆண்டில் அந்த அச்சம் காரணமற்றதன்று.

சரிவு

1997 அக்டோபரில் குறியீடு 172.9 என்ற உச்சத்தைத் தொட்டது. அதே மாதம் ஆசிய நிதி நெருக்கடி ஹாங்காங்கை எட்டியது. நாணயப் பிணைப்பைக் குறிவைத்துத் தாக்குதல் நடந்ததால், அக்டோபர் 23 அன்று வங்கிகளுக்கிடையிலான ஒரு நாள் கடன் வட்டி சிறிது நேரம் 280 விழுக்காடு வரை ஏறியது. நாணயப் பிணைப்பு காக்கப்பட்டது; ஆனால் அதற்கான விலையாக உயர் வட்டியைப் பொருளாதாரம் ஏற்க வேண்டியிருந்தது. 1998 தொடக்கத்தில் வங்கிகளின் முதன்மை வட்டி விகிதம் 10.25 விழுக்காடானது.

அதே அக்டோபரில், தலைமை நிருவாகி துங் சீ ஹுவா தம் முதல் கொள்கை உரையில் ஆண்டுக்குக் குறைந்தது 85,000 வீடுகள் கட்டும் இலக்கை அறிவித்தார். விலையேற்றத்தால் தவித்த மக்களுக்காக வகுக்கப்பட்ட திட்டம் அது. ஆனால் விலை இறங்கத் தொடங்கிய வேளையில் அது வந்து சேர்ந்தது. 1998 ஜூனில் அரசு நில விற்பனையை நிறுத்தி வைத்தது. 85,000 என்ற இலக்கு 1998 முதலே நடைமுறையில் இல்லை என்று 2000ஆம் ஆண்டில் துங் தெரிவித்தார்.

அதன் பின்னும் விலை ஆண்டுதோறும் இறங்கியது. குறியீட்டின் ஆண்டுச் சராசரி பின்வருமாறு அமைந்தது:

- 1997: 163.1
- 1998: 117.1
- 1999: 100.0
- 2000: 89.6
- 2001: 78.7
- 2002: 69.9
- 2003: 61.6

2003ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் சார்ஸ் நோய் பரவி, ஹாங்காங்கில் 1,755 பேரைத் தாக்கி 299 உயிர்களைப் பறித்தது. அவ்வாண்டின் நடுவில் குறியீடு 58.4க்கு இறங்கியது. உச்சத்திலிருந்து இது 66 விழுக்காடு வீழ்ச்சியாகும்.

கடன் எவ்வாறு வீட்டை மிஞ்சியது

இச்சரிவு ஒரு குடும்பத்தின் கணக்கில் என்ன செய்தது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். இதில் வட்டி 10 விழுக்காட்டில் மாறாமல் இருப்பதாகவும், கடன் காலம் 20 ஆண்டுகள் எனவும் கொள்ளப்படுகிறது.

- 1997 இறுதியில் வீட்டின் விலை: 40 இலட்சம் ஹாங்காங் டாலர்
- கையிலிருந்து போட்ட முன்பணம், 30 விழுக்காடு: 12 இலட்சம்
- வங்கிக் கடன்: 28 இலட்சம்
- மாதத் தவணை: சுமார் 27,000
- ஆறு ஆண்டுகளில் கட்டிய மொத்தத் தவணை: சுமார் 19.5 இலட்சம்
- ஆறு ஆண்டுகளுக்குப் பின் மீதமிருக்கும் கடன்: சுமார் 24.4 இலட்சம்
- 66 விழுக்காடு வீழ்ந்த பின் வீட்டின் விலை: 13.6 இலட்சம்

ஆறு ஆண்டுகளில் 19.5 இலட்சம் கட்டியும் அசல் 3.6 இலட்சம் மட்டுமே குறைந்துள்ளது. தொடக்க ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடுவது இதற்குக் காரணம். வீட்டை விற்றால், முன்பணமான 12 இலட்சம் முழுவதும் போவதோடு, மேலும் 10.8 இலட்சத்தை வங்கிக்குக் கொடுக்க வேண்டும்.

வீட்டின் விலையில் 70 விழுக்காட்டுக்கு மேல் கடன் தரக்கூடாது என்ற விதி ஹாங்காங்கில் அப்போதே நடைமுறையில் இருந்தது. 1.2 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆடம்பர வீடுகளுக்கு அவ்வரம்பு 1997 தொடக்கத்தில் 60 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இக்கட்டுப்பாடு வங்கிகளைத் திவாலாகாமல் காத்தது. ஆனால் 30 விழுக்காடு முன்பணம் என்பது 30 விழுக்காடு வீழ்ச்சியை மட்டுமே தாங்கும். அதற்கு மேற்பட்ட வீழ்ச்சி கடன் பெற்றவரின் தலையில் விழுந்தது.

பணவாட்டமும் சுமையைக் கூட்டியது. 1998 இறுதி முதல் 2004 வரை ஹாங்காங்கில் பொருள்களின் விலைகள் பொதுவாக இறங்கிக்கொண்டே இருந்தன. பணவீக்கக் காலத்தில் சம்பளம் உயர, தவணை நாளடைவில் இலேசாகும். பணவாட்டத்தில் இது தலைகீழாகிறது. சம்பளம் தேங்கியது அல்லது குறைந்தது; கடனின் எண்ணோ மாறவில்லை. நாணயப் பிணைப்பு இருந்ததால் நாணய மதிப்பைக் குறைத்து இச்சுமையைத் தணிக்கும் வழியும் அரசுக்கு இல்லை.

பாதிப்பின் அளவு

ஹாங்காங் நாணய ஆணையத்தின் கணக்கெடுப்பின்படி, 2003 ஜூன் இறுதியில் ஏறத்தாழ 1,06,000 வீட்டுக்கடன்கள் எதிர்மறைச் சொத்து நிலையில் இருந்தன. அவற்றின் மொத்த மதிப்பு சுமார் 16,500 கோடி ஹாங்காங் டாலர். வீட்டுக்கடன் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் அதிகமானோர் இதில் அடங்குவர். வேலையின்மை 1997இல் 2 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. 2003இல் 8 விழுக்காட்டைத் தாண்டியது. 2002ஆம் ஆண்டில் 25,000க்கும் மேற்பட்டோர் நொடிப்பு நிலைக்கு ஆளாயினர்.

எனினும், மூன்று மாதங்களுக்கு மேல் தவணை தவறிய வீட்டுக்கடன்களின் பங்கு 2001இல் எட்டிய உச்சத்திலும் 1.5 விழுக்காட்டைத் தாண்டவில்லை. அதாவது, பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் சந்தையில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குப் போகும் வீட்டுக்கு முழு விலைக்கான தவணையைக் கட்டிக்கொண்டே இருந்தனர்.

இதற்குச் சட்டமும் ஒரு காரணம். அமெரிக்காவின் சில மாநிலங்களில் சாவியை வங்கியிடம் ஒப்படைத்துவிட்டுக் கடனிலிருந்து விலக இயலும். ஹாங்காங்கில் வங்கி வீட்டை எடுத்து விற்ற பின்னும் மீதித் தொகைக்குக் கடன் பெற்றவர் மீது வழக்குத் தொடரலாம். வீட்டை விடுவதால் கடன் விட்டுப்போவதில்லை. தவிர, அது அவர்கள் குடியிருந்த வீடு. வெளியேறினால் வாடகையும் கட்ட வேண்டும், கடனின் மீதியும் நிற்கும்.

எனவே இந்நிலையின் முதன்மையான துன்பம் உடனடி அழிவன்று. நகர முடியாமை ஆகும். வேலை வேறு பகுதிக்கு மாறினாலும், குடும்பம் பெருகினாலும், மண வாழ்க்கை முறிந்தாலும் வீட்டை விற்க இயலவில்லை. விற்பதற்கே இலட்சக்கணக்கில் பணம் தேவைப்பட்டது.

ஒரே கட்டடத்தில் இருவேறு வட்டி

2002 இறுதியில் முதன்மை வட்டி விகிதம் 5 விழுக்காட்டுக்கு இறங்கியது. வங்கிகள் போட்டியிட்டதால், புதிதாகக் கடன் பெறுவோருக்கு அதிலிருந்து மேலும் 2.5 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை தள்ளுபடி கிடைத்தது. ஆனால் எதிர்மறைச் சொத்து நிலையில் இருந்தவர்கள் பலருக்கு இச்சலுகை எட்டவில்லை. மலிவான வட்டிக்கு மாற வேண்டுமெனில் வேறு வங்கியில் புதிய கடன் பெற வேண்டும். 70 விழுக்காட்டு வரம்பின்படி அதற்கு அவர்களின் வீட்டு மதிப்பு போதவில்லை. இதனால் ஒரே கட்டடத்தில், அண்மையில் மலிவாக வாங்கியவர் குறைந்த வட்டியும், 1997இல் வாங்கியவர் பெரிய கடனுக்கு உயர்ந்த வட்டியும் கட்டும் நிலை உருவாயிற்று.

இதைக் கருத்தில் கொண்டு, 2001 அக்டோபரில் நாணய ஆணையம் விதியைத் தளர்த்தியது. எதிர்மறைச் சொத்து நிலையில் உள்ள கடன்களை மறுசீரமைக்கும்போது, வீட்டின் அன்றைய மதிப்பில் 100 விழுக்காடு வரை கடன் தர வங்கிகளுக்கு அனுமதி கிடைத்தது. மதிப்புக்கு மேற்பட்ட பகுதியைக் கடன் பெற்றவரே கட்டித் தீர்க்க வேண்டியிருந்ததால், சேமிப்பு உள்ளவர்களுக்கே இது பெரிதும் பயன்பட்டது.

2002 நவம்பரில் அரசு ஒன்பது நடவடிக்கைகளை அறிவித்து, மானிய விலையில் வீடுகளை விற்கும் திட்டத்தையும் முறையான நில ஏலங்களையும் நிறுத்தியது. 2003 ஜூலை 1 அன்று சுமார் ஐந்து இலட்சம் பேர் கலந்துகொண்ட பேரணி, தேசப் பாதுகாப்புச் சட்ட முன்வரைவுக்கு எதிராக நடந்தது. ஆனால் வேலையின்மையும் வீட்டு மதிப்பு இழப்பும் மக்களின் சினத்தைப் பெருக்கியிருந்தன என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

வருத்தமும் முடிவெடுத்தலும்

அதிக விலைக்கு வாங்கியதற்கான வருத்தம், அடுத்து எடுக்கும் முடிவுகளையும் பாதிக்கிறது. இதை நடத்தைப் பொருளியல் ஆராய்ந்துள்ளது. ஒரு தொகையை இழப்பதன் வலி, அதே தொகையைப் பெறுவதன் மகிழ்ச்சியை விட வலிமையானது என்று டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி ஆகியோர் 1979இல் விளக்கினர். இங்கு இழப்பு எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பது முக்கியம். வீட்டைப் பொறுத்தவரை, பெரும்பாலோர் தாம் வாங்கிய விலையிலிருந்தே அளக்கின்றனர்.

டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் ஆகியோர் 1990களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர அடுக்குமாடி வீடுகளின் விற்பனையை ஆராய்ந்து, 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். அங்கும் 1980களில் விலை ஏறி, பின் கடுமையாக இறங்கியிருந்தது. நட்டத்தில் விற்க வேண்டியிருந்தவர்கள், வாங்கிய விலைக்கும் எதிர்பார்க்கக்கூடிய விலைக்கும் இடையிலான வேறுபாட்டில் 25 முதல் 35 விழுக்காடு வரை கூட்டிக் கேட்டனர். எடுத்துக்காட்டாக, 2 இலட்சம் டாலருக்கு வாங்கிய வீடு 1.6 இலட்சத்துக்கு மட்டுமே போகும் எனில், உரிமையாளர் மற்றவர்களை விட 10,000 முதல் 14,000 டாலர் வரை அதிகமாகக் கேட்டார். அதன் விளைவாக அத்தகைய வீடுகள் நீண்ட காலம் விற்காமல் கிடந்தன.

வாங்குபவருக்கு விற்பவரின் பழைய விலை பொருட்டன்று. போட்ட பணம் மீளாச் செலவு. வைத்திருப்பதா விற்பதா என்ற முடிவு அதை மாற்றாது. ஆகவே பொருளியலாளர்கள், 'போட்ட பணம் எப்போது திரும்பும்' என்ற கேள்விக்குப் பதிலாகப் பின்வருவனவற்றைக் கேட்கப் பரிந்துரைக்கின்றனர்:

- வேலை இழந்தால் எத்தனை மாதம் தவணை கட்ட இயலும்?
- வட்டி உயர்ந்தால் தவணை எவ்வளவு ஆகும்?
- இதே போன்ற வீட்டின் வாடகையுடன் ஒப்பிட்டால், வட்டியும் பராமரிப்பும் எவ்வளவு கூடுதல்?
- விற்றால் எழும் பற்றாக்குறையை எவ்வாறு கட்டுவது?
- கடன் விதிமுறைகளை மாற்ற வங்கி உடன்படுமா?

காத்திருத்தலின் பலனும் விலையும்

2003 இரண்டாம் பாதியில் சந்தை திரும்பியது. சீனப் பெருநிலத்துடன் ஏற்பட்ட பொருளாதார ஒப்பந்தமும், பெருநிலப் பயணிகள் தனியாக வர அளிக்கப்பட்ட அனுமதியும் இதற்கு உதவின. 2004 இறுதியில் எதிர்மறைச் சொத்து நிலையிலுள்ள கடன்கள், முந்தைய உச்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தன. 2011ஆம் ஆண்டில் குறியீடு 1997இன் உச்சத்தைக் கடந்தது.

இதிலிருந்து, பொறுத்திருந்தால் போதும் என்ற முடிவுக்கு வருவது எளிது. ஆனால் போட்ட விலையை மீண்டும் காண 14 ஆண்டுகள் ஆயின. அதற்குள் கட்டிய வட்டியும், கைவிட்ட வாய்ப்புகளும் குறியீட்டில் தெரிவதில்லை. வேலை இழந்து, நோயுற்று, அல்லது நொடித்துப் போய் 2003க்கு முன் வீட்டை இழந்தவர்களுக்கு அம்மீட்சியால் எப்பயனும் இல்லை. மேலும், மீட்சி வரும் என்று 2003இல் யாருக்கும் உறுதி இல்லை. ஜப்பானில் 1991இல் உச்சம் தொட்ட பெருநகரக் குடியிருப்பு நில விலை, முப்பது ஆண்டுகள் கடந்தும் அந்த அளவை எட்டவில்லை.

எனவே 1997இல் உச்ச விலைக்கு வாங்கியவர்களைப் பிரித்தது அவர்கள் கொடுத்த விலை அன்று. ஏறத்தாழ ஒரே விலை கொடுத்தவர்களில், தவணையைத் தொடர்ந்து கட்ட முடிந்தவர்களுக்கு அது நீண்ட வருத்தமாக முடிந்தது, முடியாதவர்களுக்குப் பேரிழப்பாயிற்று. விலை எங்குச் செல்லும் என்பதை வாங்குபவர் அறிய இயலாது. விலை இறங்கினாலும் எவ்வளவு காலம் தாங்க முடியும் என்பதை மட்டும் வாங்குமுன் கணக்கிட்டுக்கொள்ள இயலும்.

அண்மைக் காலம்

2003க்குப் பின் பிறந்த விலையேற்றம் 2021 வரை நீடித்தது. அவ்வாண்டில் குறியீடு 398.1ஐத் தொட்டது, இது 2003இன் தாழ்நிலையைப் போல் ஏறத்தாழ 6.8 மடங்கு. அக்காலத்தில் ஹாங்காங்கில் பரவலாகப் பேசப்பட்ட வருத்தம், வாங்கியதைப் பற்றியதன்று; 2003இல் வாங்காமல் விட்டதைப் பற்றியது. குறுகிய காலத்தில் செய்த செயலும், நீண்ட காலத்தில் செய்யாமல் விட்ட செயலும் மனிதரை வருத்துகின்றன என்று உளவியலாளர்கள் கூறுவதற்கு இது பொருந்துகிறது. அந்த இரண்டாவது வருத்தம் பலரை மீண்டும் உச்ச விலைக்கு வாங்கத் தூண்டியது.

2021க்குப் பின் வட்டி உயர்ந்து, விலை கால் பங்குக்கும் மேல் இறங்கியது. 2025 மார்ச் இறுதியில் 40,000க்கும் மேற்பட்ட கடன்கள் மீண்டும் எதிர்மறைச் சொத்து நிலையில் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை வங்கி ஊழியர்களுக்கான கடன்களும், கடன் காப்பீட்டின் துணையுடன் குறைந்த முன்பணத்தில் பெற்ற கடன்களும் ஆகும். தவணை தவறியவர்களின் பங்கு இம்முறையும் குறைவாகவே இருந்தது. 2003ஐப் போலவே, இம்முறையும் பெரும்பாலோர் தொடர்ந்து தவணை கட்டி வருகின்றனர்.